சோக நாடகத்தில் வீழ்கிறவனுக்குக் குறை கட்டாயம் வேண்டுமா?

கிளிநொச்சியில் உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் படிக்கிற தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "ஈடிப்பஸ் என்றால் கர்வம், ஒதெல்லோ என்றால் சந்தேகம், மக்பெத் என்றால் பேராசை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு குணக்குறை நோட்ஸில் தந்திருக்கிறார்கள். அப்படியென்றால் கோவலனுடைய குறை என்ன? எங்கள் கூத்துகளில் எல்லாம் விதி என்றுதானே பாடுகிறார்கள்? இரண்டில் எது சரி?"

தம்பி, குறை இருக்கிறது. ஆனால் அது ஒற்றைச் சொல்லில் எழுதி முடிக்கிற சங்கதி இல்லை. பெரிய நாடகங்களில் ஒருவனை விழுத்துவது பெரும்பாலும் அதுவரை அவனைத் தூக்கி நிறுத்திய அதே குணம்தான். அது பிழையான நேரத்தில், பிழையான ஆளின் பேச்சைக் கேட்டு, கொஞ்சம் அவசரப்பட்டு வேலை செய்துவிடுகிறது. அந்த அவசரம் எந்த இடத்தில், எதனால் வருகிறது என்று பார்த்துக்கொண்டு போனால் விதியா குறையா என்ற சண்டை பாதி தானாகவே ஓய்ந்துவிடும்.

முதலில் இந்தக் 'குணக்குறை' எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அரிஸ்டோட்டில் கவிதையியலில் இதைப் பற்றி எழுதியது மிகச் சின்ன இடம். மிக நல்லவன் ஒருவன் காரணமில்லாமல் அழிவதைக் காட்டினால் பார்க்கிறவனுக்கு மனம் கசந்துதான் போகும், கெட்டவன் அழிந்தால் இரக்கம் வராது, ஆகவே இரண்டுக்கும் நடுவில் நிற்கிற, பெயரும் புகழும் உள்ள ஒருவன், கெட்ட எண்ணத்தினால் இல்லாமல் ஏதோ ஒரு பெரிய தவறினால் வீழவேண்டும் என்கிறார். அவ்வளவுதான். தவறு என்றுதான் சொன்னார், குணக்கேடு என்று சொல்லவில்லை. அதோடு, ஈடிப்பஸ் நாடகத்தை எழுதிய சோபோகிளிஸ் இறந்தது கி.மு. 406 இல், அரிஸ்டோட்டில் பிறந்ததே கி.மு. 384 இல். நாடகங்கள் முதலில் வந்தன, இலக்கணம் பிறகு வந்தது. அந்த நாடகாசிரியர்கள் யாரும் இந்தச் சூத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதவில்லை. குணத்தில் காரணத்தைத் தேடுகிற வழக்கத்தைப் பலப்படுத்தியவர்களில் முக்கியமானவர் 1904 இல் ஷேக்ஸ்பியர் பற்றி எழுதிய ஏ. சி. பிராட்லி. அவர்கூட, தலைவனை அழிக்கிற குணம்தான் அவனுடைய பெருமையும் என்று சேர்த்தே சொன்னார். நோட்ஸ் கைமாறிக் கைமாறி வரும்போது அந்தப் பின்பாதி விழுந்துபோய்விட்டது, எனக்கு அதில்தான் கவலை.

ஈடிப்பஸைப் பாருங்கள். தகப்பனைக் கொன்றதும் தாயை மணந்ததும் நாடகம் தொடங்குவதற்கு எத்தனையோ வருசம் முந்தி நடந்து முடிந்தவை. இரண்டையும் அவன் தெரியாமல் செய்தான். மேடையில் நாங்கள் பார்ப்பது ஒரு விசாரணை. ஊரிலே கொள்ளைநோய், பழைய அரசனைக் கொன்றவனைக் கண்டுபிடித்தால்தான் தீரும் என்று குறி சொல்லியாயிற்று, ஈடிப்பஸ் தேடுகிறான். தைரேசியஸ் என்ற குருட்டு ஞானி சொல்ல மறுக்கும்போது அவனுக்குக் கோபம் வருகிறது, மைத்துனன் கிரெயோன் சதி செய்கிறான் என்று பாய்கிறான், இதெல்லாம் உண்மை. ஆனால் அவனை அழித்தது அந்தக் கோபமா? மனைவி யொகாஸ்டா உண்மையை ஊகித்துக்கொண்டு, இதற்கு மேல் கேட்காதே என்று கெஞ்சுகிறாள். பழைய இடையன் வாய் திறக்கப் பயந்து நடுங்குகிறான். கேட்க எனக்கும் பயம்தான், ஆனாலும் கேட்டே ஆகவேண்டும் என்று ஈடிப்பஸ் சொல்கிற இடத்தில் அவனைப் பார்த்துக் கர்வம் பிடித்தவன் என்று எழுத எனக்குக் கை வராது. ஸ்பிங்ஸ் என்ற விசித்திர மிருகத்தின் விடுகதையை அவிழ்த்து ஊரைக் காப்பாற்றிய அதே புத்தி, அதே விடாப்பிடி, இப்போது அவனுடைய சொந்தப் பிறப்பையே அவிழ்க்கிறது. அவன் கேட்பதை நிறுத்தியிருந்தால் தப்பியிருப்பான், ஊர் செத்திருக்கும்.

சரி, இனி உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு வருகிறேன். சிலப்பதிகாரத்தில் சோக நாடகத் தலைவன் யார் என்று கேட்டால் எல்லோரும் கோவலன் என்பார்கள். எனக்கு அந்த இடத்தில் முதலில் தெரிவது பாண்டியன். கொலைக்களக் காதையை மெதுவாக வாசித்தால் ஏன் என்று விளங்கும்.

அரண்மனையில் ஆடல் பாடல் நடக்கிறது. ஆடுகிற பெண்களில் அரசனுடைய மனம் போய்விட்டது என்று தேவிக்கு ஊடல். அதை வெளியே காட்டாமல், தலைநோய் என்று சொல்லிவிட்டு எழும்பிப் போகிறாள். மந்திரிகளை விட்டுவிட்டு அரசன் அவளைச் சமாதானப்படுத்த அவளுடைய அரண்மனைக்கு நடக்கிறான். வாசலில் பொற்கொல்லன் காலில் விழுந்து, காணாமல்போன சிலம்பைத் திருடியவன் என்னுடைய குடிசையில் இருக்கிறான் என்கிறான். தேவியின் சிலம்பு! ஊடலைத் தீர்க்கப் போகிறவனுக்கு வழியிலேயே கிடைக்கிற பரிசு மாதிரி. அரசன் நிற்கவில்லை, இருக்கவில்லை, கள்ளனைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. காவலரைக் கூப்பிட்டு, அவன் கையில் சிலம்பு இருந்தால் கொன்று கொண்டுவாருங்கள் என்று நடந்தபடியே சொல்லிவிட்டுப் போகிறான். இளங்கோ அந்த இடத்தில் எழுதுவது இது: "வினைவிளை காலம் ஆதலின் யாவதும் சினைஅலர் வேம்பன் தேரான் ஆகி." வினை விளைகிற நேரம் வந்தது என்று ஒரு பாதி, அவன் ஆராயவில்லை என்று மறுபாதி. விதியும் குறையும் ஒரே வசனத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, ஒன்று மற்றதை விரட்டவில்லை. பிறகு கண்ணகி சபைக்கு வந்து "தேரா மன்னா" என்று கூப்பிடும்போது ஊழைக் கூப்பிடவில்லை, அவன் செய்யாமல் விட்ட வேலையைச் சொல்லிக் கூப்பிடுகிறாள்.

இதற்குப் பக்கத்தில் ஒதெல்லோவின் மூன்றாம் அங்கம் மூன்றாம் காட்சியை வைத்துப் பாருங்கள். ஒதெல்லோ நம்புகிற கீழதிகாரி இயாகோ வந்து, ஒதெல்லோவின் மனைவி டெஸ்டிமோனாவைப் பற்றி விசத்தை ஊற்றிவிட்டுப் போயிருக்கிறான். டெஸ்டிமோனா வந்து சாப்பிடக் கூப்பிடுகிறாள். ஒதெல்லோவின் குரல் சரியில்லை, என்ன என்று கேட்கிறாள், நெற்றியில் நோகுது என்கிறான். அவள் தன்னுடைய லேஞ்சியை, கைக்குட்டையை, எடுத்து அவன் நெற்றியில் கட்டப் பார்க்கிறாள். உன்னுடைய லேஞ்சி சின்னன், விடு என்று அவன் தட்டிவிடுகிறான். அது கீழே விழுகிறது. இரண்டு பேரும் அதைக் கவனிக்காமல் உள்ளே போகிறார்கள். அவன் முதன்முதலில் அவளுக்குக் கொடுத்த அதே லேஞ்சி. இயாகோவின் பெண்சாதி எமிலியா எடுத்துப் புருசனிடம் கொடுக்கிறாள், இயாகோ அதை ஒதெல்லோவின் துணைத்தளபதி கசியோவின் அறையில் போடுகிறான், பிறகு அதுவே டெஸ்டிமோனாவைக் கொல்கிற சாட்சியாகிறது. அந்தச் சாட்சி ஒதெல்லோவின் கை பட்டு, அவனுக்கு முன்னாலேயே விழுந்தது. மேடையில் இதைச் சரியாகச் செய்தால் சபையில் ஒருத்தராவது "லேஞ்சி, லேஞ்சி" என்று வாய்விட்டுச் சொல்லாமல் இருக்கமாட்டார்கள்.

அங்கேயும் ஒரு தலையிடி, இங்கேயும் ஒரு தலையிடி. ஒன்று பொய்த் தலையிடி, மற்றது மெய்யானது போலத் தோன்றும் மனவலி. இரண்டு கதையிலும் பெரிய நீதி ஒன்று, புருசன் பெண்சாதிக்குள் ஓடுகிற ஒரு சின்ன மனக்கசப்பில் தட்டுப்பட்டுச் சாய்கிறது. இரண்டு பேருமே நீதி சொல்கிற இடத்தில் இருப்பவர்கள். இரண்டு பேருமே ஒரு பொருளைச் சாட்சியாக எடுத்தார்கள், அது யாருடைய கையில் இருக்கிறது என்று மட்டும் பார்த்தார்கள், எப்படி அந்தக் கைக்கு வந்தது என்று கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் பக்கத்தில் நம்பகமானவன் என்று பெயர் எடுத்த ஒருவன் நின்றான்.

ஒதெல்லோவின் குறை சந்தேகம் என்று எழுதுவது ஏன் போதாது என்று இப்போது விளங்கும். அவன் சுபாவத்தில் சந்தேகக்காரன் இல்லை. முதல் அங்கத்தில் இரவு நேரம் வாளோடு வந்து சூழ்ந்தவர்களை ஒரு வார்த்தையில் அடக்குகிறான், குரல்கூட உயர்த்தவில்லை. அவன் படைத்தளபதி. போர்க்களத்தில் ஒரு சேதி வந்தால் உடனே முடிவெடுக்க வேண்டும், யோசித்துக்கொண்டு நின்றால் ஆட்கள் சாவார்கள். அந்தக் கெதி அவனுடைய பலம். ஒருமுறை சந்தேகம் வந்தால் அப்போதே முடிவு கட்டிவிடுவேன் என்று அவனே சொல்கிறான், பெருமையாகச் சொல்கிறான். கசியோ குடித்துவிட்டுச் சண்டை போட்டபோது இயாகோவின் ஒரு வாக்குமூலத்தை வைத்து அந்த இடத்திலேயே பதவியைப் பறித்ததும் இதே கெதிதான், அப்போது யாரும் அதைக் குறை என்று சொல்லவில்லை. களத்தில் அவனைக் காப்பாற்றிய பழக்கம் வீட்டுக்குள் வந்ததும் கொலையாகிறது. வெள்ளையர் ஊரில் கறுப்பனாக, வேற்றூரானாக வாழ்கிற ஒருவனின் உள்ளே கிடக்கிற பயத்தையும் இதோடு சேர்க்கவேண்டும், இயாகோ தொட்டு எழுப்புவது அதைத்தான்.

பாண்டியனுக்கும் ஒரு பெருமை உண்டு, கடைசியில்தான் அது தெரியும். தேவியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்துக் காட்டியதும் மாணிக்கம் தெறிக்கிறது. அவன் பொற்கொல்லனைத் திட்டவில்லை, காவலர்மேல் போடவில்லை, விதி என்றும் சொல்லவில்லை. "பொன்செய் கொல்லன் தன்சொல் கேட்ட யானோ அரசன் யானே கள்வன்" என்கிறான், கெடுக என் ஆயுள் என்கிறான், உயிர் போகிறது. யாருடைய சொல்லைக் கேட்டேன் என்பதைக்கூடத் தன்னுடைய பிழையாகவே சொல்கிறான், அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. வளைந்த கோலை அவனுடைய போகிற உயிர் நிமிர்த்தியது என்று பிறகு சேரன் சொல்வதும் இதை வைத்துத்தான். ஒதெல்லோவும் கடைசியில் தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொள்கிறான். ஆனால் அவன் சாகுமுன் தன்னைப் பற்றிக் கொஞ்சம் நல்லதாகவும் சொல்லிவைக்கப் பார்க்கிறான். பாண்டியனிடம் அந்தக் கொஞ்சம்கூட இல்லை.

இன்னொன்றையும் தவறவிடாதீர்கள். கோவலனைக் கொல்லப் போன காவலருக்கே அவனைப் பார்த்ததும் மனம் ஒப்பவில்லை, இவன் கொலைப்படத்தக்கவன் இல்லை என்று சொல்கிறார்கள். பொற்கொல்லன் கள்ளர்களின் தந்திரங்களைப் பற்றி நீளமாகப் பேசி அவர்களைக் குழப்புகிறான். அவர்களுக்குள் ஆளுக்கு ஆள் பேசிக்கொண்டு நிற்கும்போதே, படிப்பறிவில்லாத, குடித்திருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான். அரசனின் அவசரம் கீழே இறங்கி வந்து ஒரு வெறிகாரனுடைய கைக்குப் போய்ச் சேர்கிறது. அதிகாரத்தில் இருப்பவனுடைய பலவீனம் அவனோடு மட்டும் நிற்காது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

இனிக் கோவலன். எங்கள் பக்கத்தில் கோவலன் கூத்து வெறும் நாடகமாக இருந்ததில்லை. வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயில் நந்திக்கடல் கரையில் இருக்கிறது, வைகாசிப் பொங்கலுக்கு உப்புநீரில் விளக்கெரிகிற கோயில். கண்ணகி மதுரையை எரித்துவிட்டு ஆறாத கோபத்தோடு வந்து தங்கிய இடம் என்று சனம் நம்புகிறது. முள்ளியவளைப் பக்கத்தில் முல்லைமோடி என்று தனி மெட்டோடு இந்தக் கூத்தை ஆடி வந்திருக்கிறார்கள். கூத்து ஆடுகிற களரியைச் சுற்றிப் பாயில் இருக்கிற எல்லோருக்கும் கதை தெரியும். கோவலன் சிலம்பைக் கையில் எடுத்துக்கொண்டு கண்ணகியிடம் விடைபெறும்போது, மத்தளம் தாழ்ந்து பிற்பாட்டுக்காரர் தரு என்கிற கூத்துப் பாட்டை இழுத்துப் பாடுகிற நேரம், என் பக்கத்தில் பேரப்பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டிருந்த ஒரு ஆச்சி, "உதைக் கொண்டு போகாதை ராசா" என்று மெதுவாகச் சொன்னா. ஒவ்வொரு வருசமும் அவன் போவான் என்று அவவுக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னா. அடுத்தது என்ன என்று தெரியாத பதைப்பு அது இல்லை, தெரிந்ததைத் தடுக்க முடியாத பதைப்பு. கிரேக்கர்களும் ஈடிப்பஸின் கதை தெரிந்துதான் போய் இருந்து பார்த்தார்கள்.

எங்கள் பக்கத்துக் கண்ணகி கதைகளில் அவள் மாங்கனியில் பிறந்தவள், பாண்டியனை அழிக்கவே வந்தவள். அந்தக் கதையில் எல்லாம் முன்னமே எழுதப்பட்டது, உங்கள் 'விதி' அங்கிருந்து வருகிறது. ஆனாலும் களரியில் ஆடுகிறவன் விதியை ஆட முடியாது. அவன் ஒரு மனிசனைத்தான் ஆட முடியும், கை நடுங்குவதை, கண் தாழ்வதை, ஒரு சொல்லை விழுங்குவதைத்தான் ஆட முடியும். ஆகவே கூத்து எவ்வளவு விதி என்று பாடினாலும் கூத்தைப் பழக்குகிற அண்ணாவியார் ஆட்டக்காரனுக்குச் சொல்லிக்கொடுக்கிறது குறையைத்தான்.

அந்தக் குறை என்ன என்று கேட்டால், கோவலன் இசை தெரிந்தவன். காப்பியத்தில் கானல்வரியில் கடற்கரையில் இருந்து முதலில் பாடுகிறவன் அவன்தான். அதைக் கேட்ட மாதவி, இவன் மனம் வேறு எங்கோ போயிற்று என்று எண்ணி, தனக்கும் அப்படி ஒன்று இருப்பதுபோலத் திருப்பிப் பாடுகிறாள். அவன் அதைப் பாட்டாகக் கேட்காமல் வாக்குமூலமாகக் கேட்டுவிட்டான். எழும்பிப் போனான். பாட்டின் உள்ளே இருக்கிற நுட்பமெல்லாம் பிடிபடுகிற காது அது, அந்தக் காதே அவனைக் கெடுத்தது. அப்புறம் கண்ணகியிடம் திரும்பி வந்து, முன்னோர் தேடிவைத்த மலைபோன்ற செல்வத்தைத் தொலைத்த வறுமை எனக்கு நாணம் தருகிறது என்கிறான். அவளோ சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். பூம்புகாரில் தகப்பன் இருக்கிறார், மாமனார் இருக்கிறார், இரண்டு பேரும் பெரும் பணக்காரர். ஒரு சொல் கேட்டிருந்தால் போதும். கேட்க வெட்கம். ஆகவே விடியமுன்னமே யாருக்கும் தெரியாமல் ஊரைவிட்டு வெளிக்கிடுகிறார்கள். நொந்துபோன ஆம்பிளை சொந்தக்காரன் வீட்டுப் படலையைத் தட்டுவதைவிட அறியாத ஊருக்குப் போவதையே தெரிவான் என்பது எங்களுக்குப் புதிதா என்ன? இதே கோவலன் யானையின் பிடியில் இருந்து ஒரு கிழப் பிராமணனைக் காப்பாற்றியவன் என்றும், கேட்டவருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தவன் என்றும் மாடலன் என்ற மறையோன் வந்து மதுரைக்கு வெளியே சொல்கிறான். சாவதற்குச் சற்று முன்னால் அவனுடைய நல்லதையெல்லாம் இளங்கோ எங்கள் முன்னால் கொண்டுவந்து வைக்கிறார். இவனுக்கு 'காமம்' என்று ஒரு சொல் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறது நியாயமா?

மக்பெத் வேறு ரகம், அவன் எல்லாம் தெரிந்தே செய்கிறவன், கத்தியைத் தொடுமுன்னமே அது எவ்வளவு பெரிய பாவம் என்று எங்களைவிட நன்றாகச் சொல்லக்கூடியவன். அவனுடைய கற்பனைதான் அவனுக்குத் தண்டனை. அதற்கு மேல் இங்கே வேண்டாம்.

பாசன் எழுதியதாகச் சொல்லப்படும் ஊருபங்கம் என்ற சமஸ்கிருத நாடகத்தை மட்டும் கட்டாயம் தேடி வாசியுங்கள். சமஸ்கிருத நாடகம் என்றால் சுபமாகத்தான் முடியும், மேடையில் சாவு கூடாது என்று படித்திருப்பீர்கள். இதில் துரியோதனன் மேடையிலேயே சாகிறான். தொடை இரண்டும் முறிந்து தரையில் கிடக்கிறான். சின்ன மகன் துர்ஜயன் ஓடிவந்து வழமைபோல மடியில் ஏறி இருக்கப் பார்க்கிறான். தகப்பன் தடுக்கவேண்டி இருக்கிறது. ஏன் என்று பிள்ளை கேட்கிறது. அடங்காதவன் என்று பாரதம் முழுக்கப் பெயர் வாங்கியவன், அந்த ஒரு கேள்விக்கு முன்னால் எப்படி ஆகிறான் என்று பாருங்கள். குறை உள்ளவனுக்கும் மடி இருந்தது. கர்ணனை எடுத்தாலும் அவனைக் கெடுத்தது கொடுக்கிற கை, கேட்பவன் இந்திரன் என்று தெரிந்தும் நிறுத்த முடியாத கை. 1962 இல் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் கர்ணன் போர் என்ற கூத்தை மேடைக்குக் கொண்டுவந்தபோது படித்த சனம் அதை அவ்வளவு ஆர்வமாக ஏற்றுக்கொண்டதற்கு ஆட்டமும் மெட்டும் மட்டும் காரணமாக இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

இனி ஒரு எச்சரிக்கை, இதை வன்னியில் இருந்துகொண்டு சொல்லாமல் விடக்கூடாது. வீழ்ந்தவன் எல்லாம் தன் குறையால்தான் வீழ்ந்தான் என்று எடுத்துக்கொண்டால், அழிந்த சனத்தைப் பார்த்து நீங்கள் என்ன பிழை செய்தீர்கள் என்று கேட்கிற இடத்துக்கு வந்துவிடுவோம். யூரிப்பிடிஸ் கி.மு. 415 இல் ட்ரோயப் பெண்கள் நாடகத்தை ஏதென்ஸில் போட்டார். அதற்குச் சற்று முந்தித்தான் ஏதென்ஸ் மெலோஸ் தீவைப் பிடித்து, ஆண்களைக் கொன்று, பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாக்கியிருந்தது. நாடகத்தில் போர் முடிந்த கரையில் பெண்கள் இருக்கிறார்கள், யார் யாருக்கு எந்த எசமான் என்று பங்கு போடப்படுகிறது. சின்னப் பிள்ளை ஒன்றை மதிலில் இருந்து எறிந்து கொல்கிறார்கள், பாட்டி அந்த உடலைத் தகப்பனுடைய கேடயத்தில் வைத்து அடக்கத்துக்கு ஆயத்தம் செய்கிறாள். இங்கே எந்தப் பெண்ணுடைய குணக்குறையை எழுதுவீர்கள்? குறை வென்றவர்களிடம் இருக்கிறது, பார்க்க வந்து இருந்த சனத்திடமும் இருக்கிறது. 2009 ஐக் கண்ட ஒருவருக்கு இந்த நாடகத்துக்கு விளக்கவுரை தேவையில்லை.

சோபோகிளிஸின் இன்னொரு நாடகமான அன்ரிகனியும் அப்படித்தான். அண்ணனின் உடலை அடக்கம் செய்யக்கூடாது என்பது அரச கட்டளை, ஈடிப்பஸின் மகள் அன்ரிகனி மண்ணை அள்ளிப் போடுகிறாள். அவளுடைய பிடிவாதம் குறை என்று சிலர் எழுதுவார்கள். உடல் கிடைக்காமல் இருக்கிற ஒரு தாய்க்கு அதைச் சொல்லிப் பார்க்கட்டும். வீழ்கிற மனிதனாக நான் அங்கே பார்ப்பது அந்தக் கட்டளையைப் போட்ட அரசன் கிரெயோனை, ஈடிப்பஸின் அதே மைத்துனனை. அவனும் கெட்டவன் இல்லை, போர் முடிந்து குழம்பிக் கிடக்கிற ஊரில் ஒழுங்கை நிலைநாட்டப் பார்க்கிறவன். கடைசியில் அவன் மனம் மாறுகிறான். முதலில் போய்க் குகையில் அடைத்த பெண்ணை விடு, பிறகு உடலை அடக்கம் செய் என்று முதியவர்கள் அடுக்கிச் சொல்கிறார்கள். அவன் மாறிச் செய்கிறான். முதலில் உடலைக் கழுவி, எரித்து, மேடு கட்டி, பிறகு குகைக்குப் போகிறான். அதற்குள் அவள் தூக்கில் தொங்கிவிட்டாள், அவனுடைய மகனும் போய்விடுகிறான், மனைவியும் போய்விடுகிறாள். திருந்தும்போதுகூட அவனுக்கு உயிரோடு இருப்பவளைவிடச் சடங்கும் ஒழுங்கும்தான் முதலில் ஞாபகம் வந்தன. குணம் அவ்வளவு ஆழத்தில் இருக்கிறது.

எங்கள் கதைகளில் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டியவை நிறைய உண்டு. வேலப்பணிக்கனின் பெண்சாதி அரியாத்தை பேரில் உள்ள ஒப்பாரி வன்னியில் தலைமுறையாகப் பாடப்பட்டது. யானையைப் பிடித்துக் கட்டிய பெண், அதைப் பொறுக்காதவர்கள் கொடுத்த நஞ்சில் சாகிறாள். அவளில் பிழை தேட ஒன்றும் இல்லை, பலவீனம் முழுக்கச் சுற்றியிருந்தவர்களுடையது. வன்னி மன்னன் பண்டாரவன்னியன் கதையை எடுத்தால், 1803 இல் ஆங்கிலேயரின் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்து, அதே வருசம் ஒக்டோபர் 31 இல் கற்சிலைமடுவில் கப்டன் டிரிபேர்க்கிடம் தோற்றவர். தோல்விக்குக் காரணம் என்று ஊர்க்கதை காட்டுவது காக்கை வன்னியனை, பெண் கேட்டு மறுக்கப்பட்ட கோபத்தில் காட்டிக்கொடுத்தவன் என்று. பழி முழுவதும் ஒருவன் தலையில் ஏறிவிடுவதால் பண்டாரவன்னியன் வீரனாக நிற்கிறார், ஆனால் சோக நாடகத் தலைவன் ஆகவில்லை. அந்த மறுப்பு எப்படிச் சொல்லப்பட்டது, சபையில் சொன்னாரா தனியே சொன்னாரா, அதில் அவமானம் இருந்ததா என்று ஒரு நல்ல நாடகாசிரியர் யோசித்து எழுதினால் இரண்டு பேருமே வளருவார்கள். காக்கை வன்னியனை மன்னிக்கச் சொல்லவில்லை, விளங்கச் சொல்கிறேன். வன்னிப் பிள்ளைகளில் ஒருத்தர் அதை எழுதவேண்டும் என்று எனக்குப் பெரிய ஆசை.

பரீட்சைக்கு எப்படி எழுதுவது என்றும் கேட்டிருந்தீர்கள். குறைக்குப் பெயர் வைப்பதோடு நிற்காமல், அந்தக் குணம் முதலில் எங்கே பலமாக இருந்தது, எந்தக் காட்சியில் திரும்பியது, திருப்பிவிட்டது யார், வேறு வழி அப்போது இருந்ததா என்று கேட்டுக்கொண்டு எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் நாடகத்தில் இருந்து ஒரு செயலைக் காட்டுங்கள். ஷேக்ஸ்பியரைத் தமிழில் வைத்து யோசிக்க, சுவாமி விபுலானந்தர் 1926 இல் வெளியிட்ட மதங்க சூளாமணி உதவும், பன்னிரண்டு நாடகங்களை எடுத்து எங்கள் நாடக இலக்கணத்தோடு பொருத்திப் பார்த்திருக்கிறார், நடை கொஞ்சம் கடினம், பயப்படவேண்டாம். வாசிக்கும் ஒழுங்கு என்றால் முதலில் கொலைக்களக் காதையும் வழக்குரை காதையும், அடுத்து ஒதெல்லோவின் அந்த ஒரு காட்சி, பிறகு அன்ரிகனி. ஈடிப்பஸைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், நீளம் குறைவு, ஒரு பின்னேரத்தில் வாசித்துவிடலாம். வாசித்த பிறகு கிரெயோனைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று எழுதுங்கள், அவனில் என்னோடு ஒத்துப்போகாதவர்கள் நிறையப் பேர், உங்கள் பக்கத்தையும் கேட்க விருப்பம்.